வண்டி கேள்வி - பதில்: சூடானால் நிற்கும் சேட்டக், திருப்பி உதைக்கும் புல்லட்

கேள்வி: 1997 மாடல் பஜாஜ் சேட்டக், பாயிண்ட் (பொறிக்கான கரண்டை வெட்டிவிடும் சின்ன சுவிட்ச்) வைத்த வண்டி. காலையில் இரண்டே உதையில் ஸ்டார்ட் ஆகிறது. ஆனால் டோல்கேட் தாண்டுவதற்குள் இழுவை குறைந்து நின்றுவிடுகிறது. கால் மணி நேரம் ஓரங்கட்டினால் மறுபடி ஓடுகிறது. இரண்டு மெக்கானிக்குகளும் போர் போட (சிலிண்டரைக் கடைந்து புது பிஸ்டன் போட) சொல்கிறார்கள். போடலாமா சார்?
- வாசகர், காசிமேடு

பதில்: இப்போதைக்கு வேண்டாம். போர் தேய்ந்த வண்டி பெரும்பாலும் காலையிலேயே அடம்பிடிக்கும். உங்கள் வண்டி ஆறினால் ஓடுகிறது. அதாவது சூட்டில் ஏதோ ஒன்று கைவிடுகிறது. பெட்ரோலா, கரண்டா, காற்றா என்று வண்டி நின்ற அந்த நிமிடத்திலேயே பார்க்க வேண்டும். பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் எஞ்சின் ஆறிவிடும், குற்றவாளியும் ஒளிந்துகொள்வான். அதனால் பிளக் ஸ்பேனரும் ஒரு புது பிளக்கும் கையோடு இருக்கட்டும்.

நின்றதும் முதலில் சீட்டைத் தூக்கி டேங்க் மூடியைத் திறங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே போனால் மூடியில் இருக்கும் மூச்சு ஓட்டை அடைத்திருக்கிறது. பெட்ரோல் இறங்க இறங்க மேலே வெற்றிடம் உண்டாகி ஓட்டம் நின்றுபோகும். கால் மணி நேரத்தில் காற்று மெல்லக் கசிந்து உள்ளே போனதும் வண்டி ஓடும். குண்டூசியால் குத்திவிட்டால் வேலை முடிந்தது.

சத்தம் வரவில்லையா? பிளக்கைக் கழற்றி, தொப்பியில் மாட்டி, பெட்ரோல் சிந்தாத இடமாகப் பார்த்து எஞ்சின் ஹெட்டின் உலோகத்தில் பட வைத்துக் கிக்கரை உதையுங்கள். பொறி 'டிக்' என்று நீலமாக விழ வேண்டும். மஞ்சளாக, நூல் மாதிரி வந்தால் புது பிளக்கைப் போட்டு (இடைவெளி 0.6 மி.மீ.) இன்னொரு முறை உதையுங்கள். அப்போதும் மஞ்சள்தான் என்றால் கண்டென்சர் (பாயிண்டோடு இணைந்த சின்ன மின்தேக்கி) அல்லது மேக்னெட்டுக்குள் (கரண்ட் உண்டாக்கும் காந்தச் சக்கரம்) இருக்கும் காயில். சூட்டில் இவற்றின் இன்சுலேஷன் விட்டுப்போகும், ஆறினால் பழையபடி வேலை செய்யும். விலை குறைந்தது கண்டென்சர், அதை முதலில் மாற்றுங்கள்.

பொறியும் சரி, பெட்ரோலும் சரி என்றால் சிலிண்டரைச் சுற்றியிருக்கும் கூலிங் கவரைப் பாருங்கள். சேட்டக்கை ஆற்றுவது எதிர்க்காற்று அல்ல, மேக்னெட் விசிறி தள்ளும் காற்று. கவரில் ஒரு போல்ட் காணாமல் போய் அது தளர்ந்திருந்தாலோ, சிலிண்டர் செதில்களுக்கு நடுவே சேறு அடைத்திருந்தாலோ எஞ்சின் கொதிக்கும். நம் பக்கத்தில் ட்ரெய்லர் லாரி கிளப்புகிற புழுதியில் இது சாதாரணம்.

கடைசியாக, கிராங்கின் இரு பக்கமும் ஆயிலும் காற்றும் உள்ளே புகாமல் தடுக்கும் ஆயில் சீல். கியர் ஆயிலை இறக்கி அளந்து பாருங்கள். 250 மி.லி. இருக்க வேண்டும். பாதிதான் வருகிறது, வெளியே எங்கும் கசிவில்லை, புகையும் வெள்ளையாக இருக்கிறது என்றால் கிளட்ச் பக்க சீல் வழியாக ஆயிலை எஞ்சின் குடிக்கிறது. ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் வேகம் இறங்க மறுத்தால் மேக்னெட் பக்க சீல். அங்கே காற்று புகுந்து கலவை வற்றி (பெட்ரோல் குறைந்து காற்று கூடி) பிஸ்டன் சூடேறும். இத்தனையும் பார்த்த பிறகும் தீராவிட்டால் போரைப் பற்றிப் பேசலாம்.

இன்னொன்று. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மி.லி. 2டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் ஆயில்) போதும். 'கூட ஊற்றினால் எஞ்சினுக்கு நல்லது' என்று 40, 50 என ஊற்றுகிறவர்களின் சைலன்சரைத் தட்டினால் கரி கட்டி கட்டியாகக் கொட்டும். இழுவை குறைய அதுவும் ஒரு காரணம்.

கேள்வி: அப்பா ஓட்டிய 1989 புல்லட் 350. கிக்கர் திருப்பி அடித்துக் கணுக்கால் வீங்கிவிட்டது. வண்டி கோளாறா, என் கால் கோளாறா?
- வாசகர், ராயபுரம்

பதில்: இரண்டுமாகவும் இருக்கலாம். நம் திருவொற்றியூரில் பிறந்த வண்டி, உதைக்கும் முறை தெரியாதவர்களை மதிப்பதில்லை. அந்த முறையும் ஹெட்லைட் கூண்டின் மேல் இருக்கும் அம்மீட்டரிலேயே (கரண்ட் ஓட்டத்தைக் காட்டும் முள் மீட்டர்) இருக்கிறது.

சாவியைப் போட்டு, ஹெட்லைட்டை அணைத்து, கிக்கரைக் கையால் அழுத்துவது போல மெதுவாகக் காலால் அழுத்துங்கள். முள் கழித்தல் பக்கம் சாய்ந்திருக்கும், பாயிண்ட் மூடியிருக்கிறது என்று பொருள். இன்னும் அழுத்தினால் முள் சட்டென்று நடுவுக்கு வரும். பாயிண்ட் திறந்துவிட்டது, பிஸ்டன் உச்சிக்கு அருகில் நிற்கிறது. இங்கேதான் டீகம்ப்ரெஸர் லீவரை (சிலிண்டர் அழுத்தத்தை விடுவிக்கும் கைப்பிடி) பிடித்துக் கிக்கரை இன்னும் கொஞ்சம், ஒரு சாண் கூட வேண்டாம், தள்ளிவிட்டு லீவரை விட வேண்டும். கிக்கரை மேலே வரவிட்டு, ஆக்ஸிலேட்டரைத் தொடாமல், கடைசிவரை ஒரே மிதி. பாதியில் காலைத் தளர்த்தினால்தான் அது திருப்பி அடிக்கும்.

முறையாக உதைத்தும் அடிக்கிறதா? டைமிங் (பொறி விழும் நேரம்) முந்தியிருக்கிறது. பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். அதிகமானால் பாயிண்ட் சீக்கிரம் திறக்கும், பிஸ்டன் உச்சிக்கு வருமுன்பே வெடிக்கும். அதுவும் சரியாக இருந்தால் பாயிண்ட் தட்டுக்குப் பின்னால், வேகத்துக்கேற்ப டைமிங்கை முந்த வைக்கும் அட்வான்ஸ் யூனிட். பாயிண்டைத் திறக்கும் கேமை விரலால் திருப்பி விடுங்கள். ஸ்பிரிங் போல தானே திரும்பி வர வேண்டும். கடற்கரைப் பக்கம் நிற்கும் வண்டிகளில் அந்தச் சின்ன எடைக்கட்டைகள் துருப்பிடித்து, விரிந்த நிலையிலேயே மாட்டிக்கொள்ளும். கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, ஒரே ஒரு சொட்டு ஆயில். கூட விட்டால் பாயிண்டில் தெறித்து வேறு வம்பு.

கேள்வி: 2005 ஸ்ப்ளெண்டர். ஒரே வருடத்தில் இரண்டு பேட்டரி போய்விட்டது. இண்டிகேட்டர் மங்கல், பிரேக் லைட் போட்டால் இன்னும் மங்கல்.
- வாசகர், எர்ணாவூர்

பதில்: மூன்றாவது பேட்டரி வாங்குமுன் ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள், அதைவிட மலிவு. வண்டி நிற்கும்போது பேட்டரியில் 12.6 வோல்ட் பக்கம் காட்ட வேண்டும். ஸ்டார்ட் செய்து கொஞ்சம் முறுக்கினால் 13.5 முதல் 14.5 வரை ஏறணும். 15 தாண்டினால் சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கெட்டுப் பேட்டரியைக் கொதிக்க வைக்கிறது. ஏறவே இல்லை என்றால் சார்ஜ் வந்து சேரவில்லை.

கடற்காற்று படும் எர்ணாவூர் என்பதால் சந்தேகம் எர்த் (கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழி) மேல்தான். ஹீரோ ஹோண்டாவில் பச்சை வயர் எர்த். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவில், இன்னொன்றைப் பின்விளக்கின் பச்சை வயரில் வைத்து யாரையாவது பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வழியில் உப்பு பூத்திருக்கிறது. பச்சை வயர் ஃப்ரேமில் முடியும் போல்ட்டைக் கழற்றி, வளையத்தையும் ஃப்ரேமையும் உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, இறுக்கி மாட்டிய பிறகு மேலே வாஸ்லின் தடவுங்கள். பெயின்ட் மேல் போல்ட் போடாதீர்கள். ஐடிலில் ஹெட்லைட் மங்கி, முறுக்கினால் பிரகாசமாவதைக் கோளாறு என்று நினைக்க வேண்டாம். இந்த வண்டியில் அது பேட்டரியில் எரிவதில்லை.

கேள்வி: மழைத் தண்ணீரில் பழைய ஆக்டிவா சீட் வரை மூழ்கிவிட்டது. செல்ஃப் போட்டுப் பார்க்கலாமா?
- வாசகி, வியாசர்பாடி

பதில்: கூடவே கூடாதும்மா. செல்ஃபும் வேண்டாம், கிக்கரும் வேண்டாம். தண்ணீர் அமுங்காது. சிலிண்டருக்குள் அது இருக்கும்போது பிஸ்டன் மேலேறினால் கனெக்டிங் ராடு வளையும். அதோடு செலவு எங்கேயோ போய்விடும்.

பேட்டரியின் நெகட்டிவை எடுங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டுக் கிக்கரைக் கையால் மெல்ல அமுக்குங்கள், தண்ணீர் பீச்சியடிக்கும். அது நின்றதும் பிளக் ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில். ஏர் ஃபில்டரைத் தூக்கிப் போடுங்கள். டேங்க், கார்ப்பரேட்டர் இரண்டையும் காலி செய்ய வேண்டும். எஞ்சின் ஆயில் பால் விட்ட டீ நிறத்தில் வந்தால் விலை குறைந்த ஆயில் ஊற்றி ஐந்து நிமிடம் ஓடவிட்டு, அதையும் இறக்கிவிட்டுத்தான் நல்ல ஆயில். பின்சக்கரத்துக்குத் தனியாக ஒரு கியர் ஆயில் உண்டு, பலரும் மறப்பது அது. இடது பக்க பெல்ட் கவரையும் திறந்து காயவிடுங்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர்ப் பக்கம் வந்தது போல எண்ணெய் கலந்த தண்ணீர் என்றால் பிரேக் ஷூவைத் தேய்த்து மாட்டி ஓட்ட வேண்டாம். எண்ணெய் குடித்த ஷூவுக்கு மறுவாழ்வு கிடையாது.

கேள்வி: எத்தனால் கலந்த பெட்ரோலில் யமஹா ஆர்எக்ஸ் 100 தாங்குமா?
- வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: எஞ்சின் தாங்கும், ரப்பர் தாங்காது. 1996-லேயே நின்றுபோன வண்டி, 20 சதவீத எத்தனாலுக்கென்று செய்ததல்ல. பெட்ரோல் பைப், டேங்க் அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் காக்கின் வாஷர், கார்ப்பரேட்டர் சீல் எல்லாவற்றையும் ஒருமுறை புதிதாக்குங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும், அதனால் ஒரு வாரத்துக்கு மேல் நிறுத்துவதாக இருந்தால் பெட்ரோல் காக்கை மூடிவிட்டு எஞ்சின் தானே அணையும்வரை ஓடவிடுங்கள். பிளக் நுனி சுண்ணாம்பு போல வெளுத்திருந்தால் கலவை வற்றுகிறது, கார்ப்பரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டை ஒரு சைஸ் ஏற்றச் சொல்லுங்கள்.

கேள்வி: கல்லூரிக்குப் போக முதல் வண்டி. பழைய ஆர்எக்ஸ் 100 வாங்கலாமா?
- மாணவர், பெரம்பூர்

பதில்: தம்பி, ஆசை இருக்கட்டும், அந்த வண்டிக்கு இன்று பெயருக்குத்தான் விலை. ஸ்ப்ளெண்டர், பேஷன் பாருங்கள். எந்தத் தெருவிலும் பார்ட்ஸ் கிடைக்கும். எதுவானாலும் ஆர்சி 15 வருடம் தாண்டியிருந்தால் படிவம் 25 கொடுத்துப் புதுப்பித்திருக்கிறார்களா, எது தேதிவரை என்று பாருங்கள். ஐந்தைந்து வருடமாகத்தான் நீட்டிப்பார்கள். ஆர்சியில் கடன் பதிவு இருந்தால், விற்பவரே படிவம் 35 கொடுத்து அதை நீக்கித் தரட்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30 இரண்டிலும் அவர் உங்கள் கண்ணெதிரே கையெழுத்துப் போட வேண்டும். சேஸிஸ் நம்பர் மேல் வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் தேயுங்கள். எழுத்துகள் ஒரே உயரத்தில், ஒரே ஆழத்தில் விழ வேண்டும். நடுவில் ஒரு எண் மட்டும் சாய்ந்திருந்தாலோ, அந்த இடம் மட்டும் வழவழவென்று இருந்தாலோ அட்வான்ஸ் கொடுக்காமல் திரும்பிவிடுங்கள்.