பழைய டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் காரை வீட்டிலேயே வைத்துப் பராமரிக்க முடியுமா?

"லெஸ்டரில் வேலை. கராஜ் உள்ள வீடு கிடைத்திருக்கிறது. எழுபதுகளில் வந்த ஸ்பிட்ஃபயர் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. ஸ்பானர் பிடித்துப் பழக்கமில்லை. வீடியோ பார்த்துச் சமாளித்துவிட முடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும் தம்பி. இதற்கு முன் பதில் சொன்ன ஒருவர், "பரம்பரையாக மெக்கானிக் ரத்தம் ஓடணும், உங்களுக்கெல்லாம் ஆகாது" என்று எழுதியிருக்கிறார். அதைப் படித்த பிறகுதான் நான் எழுத உட்கார்ந்தேன். என் உடம்பில் அந்த ரத்தம் ஓடுவதாக நானும் நம்பினேன். அந்த நம்பிக்கையில்தான் என் வண்டியின் முன் வீல் நடுத்தெருவில் மடங்கிப் படுத்தது.

அப்பா மயிலாப்பூரில் ஒரு டாக்டரிடம் டிரைவராக இருந்தார். டாக்டரிடம் இருந்தது ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். இந்தத் தலைமுறைக்குத் தெரியாமல் இருக்கலாம், அது சென்னைக் கார். 1959-இல் இங்கே இங்கிலாந்தின் கவென்ட்ரியில் டிரையம்ப் ஹெரால்டாக வெளிவந்ததை 1961 முதல் வண்டலூரில் ஸ்டாண்டர்ட் என்ற பெயரில் செய்தார்கள். அதே ஹெரால்டின் சேசிஸை, அதாவது அடிச்சட்டத்தைக் குட்டையாக்கி, மேலே இரண்டு சீட்டு வைத்த உடம்பை மாட்டி 1962-இல் விட்டதுதான் ஸ்பிட்ஃபயர். இரண்டுக்கும் உருவம் வரைந்தவர் மிக்கேலோட்டி என்ற இத்தாலிக்காரர். ஆக, நீங்கள் வாங்கப் போகும் ஸ்போர்ட்ஸ் கார் மயிலாப்பூர் டாக்டர் காருக்கு ஒன்றுவிட்ட தம்பி.

ஹெரால்டின் பானெட், இரண்டு மட்கார்டையும் சேர்த்துக்கொண்டு அப்படியே முன்பக்கமாக முதலை வாய் மாதிரி திறக்கும். ஸ்பிட்ஃபயரிலும் அப்படியேதான். திறந்துவிட்டால் முன் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா ஒரு டயரில், நான் எதிர் டயரில். டேப்பெட் அட்ஜஸ்ட், அதாவது வால்வு இடைவெளியைச் சரி செய்யும்போது எனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பார். மொத்தம் எட்டு வால்வு. எட்டாவது முழுக்க அழுந்தியிருக்கும்போது ஒன்றாவதில் இடைவெளி அளக்கும் கேஜ் விட்டுப் பார்க்கணும், ஏழாவது அழுந்தினால் இரண்டாவதில். "கூட்டினா ஒம்போது வரணும்டா, வரலைன்னா நீ தப்பான வால்வுல கைய வெச்சிருக்க." பள்ளிக்கூடத்தில் கணக்கில் நான் சுமார்தான், இந்த ஒன்பது மட்டும் இன்றுவரை மறக்கவில்லை.

கவென்ட்ரிக்கு வேலைக்கு வந்து பல வருடம் கழித்து, 2014-இல், ஒரு சூப்பர் மார்க்கெட் வாசலில் ஒருவர் ஸ்பிட்ஃபயரின் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தார். வாங்க வந்த பாலை மறந்துவிட்டு அங்கேயே நின்றேன். மூன்றே மாதத்தில் என் வீட்டு வாசலில் ஒன்று வந்து நின்றது. 1972 மாடல், மார்க் 4, 1296 சிசி. "ரெண்டு சீட்டுதானே இருக்கு, பசங்க எங்க உக்காருவாங்க?" என்றாள் மனைவி. இன்னும் அதற்குப் பதில் சொல்லவில்லை.

முதல் இரண்டு வருடம் எனக்கு ராஜ நடை. டேப்பெட் கேப் அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு, ஃபீலர் கேஜில் பத்து தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று). அதை ஒன்பது கணக்கை வைத்து ஒரே காலையில் முடித்தேன். தீப்பொறியைப் பகிர்ந்து அனுப்பும் டிஸ்ட்ரிப்யூட்டரின் பாயிண்டைத் தேய்த்துக் கேப் வைத்தேன். இரண்டு எஸ்யூ கார்புரேட்டர்களையும் காதில் ரப்பர் குழாயை வைத்து, காற்று இழுக்கும் சத்தத்தைக் கேட்டே சமன் செய்தேன். வொர்க்ஷாப் மேனுவல் ஒன்று வாங்கி வைத்திருந்தேன். ஒயரிங் படத்துக்கு மட்டும்தான் அதைத் திறந்தேன். மற்றதெல்லாம்தான் எனக்குத் தெரியுமே!

அப்பா மாதம் ஒருமுறை சர்வீஸ் ஸ்டேஷனில் வண்டியைத் தூக்கச் சொல்லி, அடியில் இருக்கும் எல்லாவற்றுக்கும் கிரீஸ் அடிக்க வைப்பார். பக்கத்திலேயே நின்று பார்ப்பார், ஒன்று விட்டாலும் சண்டைதான். நானும் கிரீஸ் கன் வாங்கினேன். முன் வீலுக்குக் கீழே ட்ரன்னியன் என்று ஒன்று உண்டு. அதில் இருந்த சின்ன பிளக்கைக் கழற்றி, கிரீஸ் கன் கவ்வும் நிப்பிள் மாட்டி, பிதுங்கி வழியும்வரை கிரீஸ் அடித்தேன். இரண்டு வருடமும் அடித்தேன்.

2016 கோடையில் மச்சான் ஊரிலிருந்து வந்திருந்தார். இந்த வண்டிக்கு ஒரு பெருமை உண்டு: 24 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். "பாருங்க மச்சான், நம்ம ஊர் ஆட்டோ மாதிரி திரும்பும்" என்று தெருமுனையில் ஸ்டியரிங்கைக் கடைசிவரை ஒடித்தேன். நடந்து போகிற வேகம்தான். கீழே விறகு முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. வண்டியின் இடது மூக்கு பொத்தென்று தரையைப் பார்த்தது. இறங்கிப் பார்த்தால் வீல் உள்பக்கமாகச் சாய்ந்து, மட்கார்டைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறது. மச்சான் ஒன்றும் சொல்லவில்லை. போனை எடுத்துப் படம் பிடித்தார். அந்தப் படம் குடும்ப வாட்ஸ்அப்பில் இன்றும் வருடம் ஒருமுறை தலைகாட்டும்.

எதிர் வீட்டுப் பெரியவர் செருப்போடு வெளியே வந்தார். டிரையம்ப் வண்டிகளைச் செய்த கேன்லி ஃபேக்டரியில், 1980-இல் அங்கே உற்பத்தி நின்றதுவரை வேலை பார்த்தவர். அதுவரை என்னிடம் குப்பைத் தொட்டி நாளைப் பற்றி மட்டுமே பேசியிருக்கிறார். குனிந்து பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஆயிலா, கிரீஸா?"

கிரீஸ் என்றேன். அவர் தலையை ஆட்டிய விதத்தில் அப்பாவோடு நின்ற டாக்டர் வீட்டு வாசலே எனக்குத் தெரிந்தது.

விஷயம் இதுதான். முன் வீலைத் தாங்கி நிற்கும் எஃகுத் தூணின் அடியில் மரை வெட்டியிருக்கும். அது பித்தளை நிறத்துக் கட்டி ஒன்றுக்குள் திருகி இறங்கியிருக்கும், அந்தக் கட்டிதான் ட்ரன்னியன். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் போல்ட் நட்டுக்குள் சுற்றுவது போல அந்த மரை சுற்றுகிறது, வண்டியின் முன்பாரத்தைத் தாங்கிக்கொண்டே. அந்த மரை இடுக்கு முழுவதும் ஏறிப் போக எண்ணெயால்தான் முடியும். மேனுவலில் 90 கிரேடு கியர் ஆயில் என்றே இருக்கிறது. கிரீஸ் அடியிலேயே தங்கிக் காய்ந்து கெட்டியாகிவிடும். மேலிருந்து தண்ணீர் இறங்கும், எஃகு மரை துருப்பிடிக்கும், ஒருநாள் துருவேறிய இடத்தில் முறியும். ஸ்டியரிங்கை ஓரம்வரை ஒடிக்கும்போதுதான் பெரும்பாலும் முறியும் என்றார் பெரியவர். நெடுஞ்சாலையில் முறியாதது என் தாயார் செய்த புண்ணியம்.

"உங்க அப்பா கிரீஸ்தானே அடிச்சார், அவருக்கு ஏன் உடையல?" என்று கேட்கத் தயாராக இருப்பவர்களுக்கு: அவர் மாதாமாதம் அடித்தார், நான் வருடத்துக்கு ஒரு தடவை. டாக்டர் வண்டி மயிலாப்பூரை விட்டுத் தாண்டுவதே அபூர்வம். எல்லாவற்றுக்கும் மேலாக, மெட்ராஸ் ரோட்டில் யாரும் உப்புக் கொட்டுவதில்லை. இங்கே குளிர்காலம் முழுக்க உறைபனிக்காக லாரி லாரியாகக் கொட்டுகிறார்கள். பழைய கார்களின் எமன் அந்த உப்புதான். அப்பாவைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. அவர் தன் வண்டிக்குத் தெரிந்ததைச் செய்தார். மேனுவலைப் பரணில் வைத்துவிட்டு அவர் பழக்கத்தைக் காப்பியடித்தது நான்.

இரண்டு பக்கமும் புதுத் தூண், புது ட்ரன்னியன் வாங்கி நானே மாற்றினேன். இரண்டு வாரக் கடைசி ஆயிற்று. பெரியவர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து மேற்பார்வை. ஒரு பக்கம் வலது மரை, மறு பக்கம் இடது மரை என்று அவர் சொல்லியிருக்காவிட்டால் அன்று ராத்திரி வரை தப்பான பக்கம் முறுக்கிக்கொண்டிருந்திருப்பேன். இப்போது அதே கிரீஸ் கன்னில் கியர் ஆயிலை ஊற்றி வருடம் இரண்டு தடவை அடிக்கிறேன். ஒழுகும், கை நாறும், அடியில் அட்டைப் பெட்டி விரித்துக்கொள்ளுங்கள்.

ஸ்பானர் பற்றிக் கேட்டீர்களே. இந்த வண்டி முழுக்க அங்குலக் கணக்கு. 7/16, 1/2, 9/16 மூன்றும் இருந்தால் பாதி வண்டியைக் கழற்றிவிடலாம். வீட்டில் இருக்கும் மில்லிமீட்டர் செட்டை வைத்து முயற்சி செய்யாதீர்கள். 13 எம்எம் அரை அங்குல நட்டில் சரியாக உட்காருவது போல நடிக்கும், அழுத்தினால் முனையை மழுங்கடித்துவிடும்.

இதை எழுதும்போதே வயிறு எரிகிறது. அப்பாவிடம் ஒரு தகரப் பெட்டி இருந்தது. புதுப்பேட்டையில் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து வாங்கிய அங்குல ஸ்பானர்கள், கைப்பிடியில் துணி சுற்றியிருக்கும். அவர் போன பிறகு, வீட்டுக்கு வெள்ளை அடிக்கிறேன் என்று என் அண்ணன் அந்தப் பெட்டியை எடைக்குப் போட்டுவிட்டார். கேட்டால், "இப்போ எல்லாம் எம்எம் ஆச்சே, இத வெச்சு என்ன பண்றது" என்றார். இரும்பு விலைக்கு! ஒரு போன் போட்டிருந்தால் விமானச் சீட்டு விலையைக் கொடுத்தாவது நான் வந்து எடுத்திருப்பேன். அதே அளவுகளை இங்கே பழைய சாமான் சந்தையில் ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். அதில் என்ன விலை ஆயிற்று என்று அண்ணனிடம் சொன்னதில்லை. சொத்து விஷயத்தில்கூட நான் வாய் திறக்கவில்லை, இந்தப் பெட்டி மட்டும் ஆறவே இல்லை. சரி, உங்கள் கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

வேலை கற்பதற்கு இதைவிட நல்ல வண்டி கிடைக்காது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பானெட் திறந்தால் எல்லாம் கைக்கு எட்டும். கியர்பாக்ஸையே சீட்டுகளையும் நடுவில் இருக்கும் மூடியையும் கழற்றிவிட்டு வண்டிக்குள்ளிருந்தே வெளியே எடுக்கலாம். உதிரிபாகம் தபாலில் வருகிறது, தரம்தான் சொல்வதற்கில்லை. டிஸ்ட்ரிப்யூட்டருக்குள் சுற்றும் ரோட்டார் ஆர்ம் எனக்குப் புதிதாக வந்த ஒன்று நாற்பது மைலில் உயிரை விட்டது. அதனால் கழற்றிய பழையதை உடனே குப்பையில் போடாதீர்கள். பெட்ரோல் பங்கில் 2021 முதல் சாதாரண பெட்ரோலில் பத்து சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள், அது பழைய ரப்பர் குழாயைத் தின்னும். விலை கூடினாலும் ஐந்து சதவீதம் போட்ட சூப்பரையே ஊற்றுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள், ஸ்டாண்ட் வையுங்கள்.

நாற்பது வயது தாண்டிய வண்டிக்கு ரோடு டாக்ஸ் இல்லை, 2018 முதல் எம்ஓடி என்ற வருடாந்திர வண்டிப் பரிசோதனையும் கட்டாயமில்லை. நான் வருடா வருடம் காசு கொடுத்து எம்ஓடி செய்கிறேன். கஞ்சன் என்று பெயர் வாங்கிய நான் அதற்குப் பணம் கட்டுவதைப் பார்த்து மனைவி சிரிக்கிறாள். வீல் மடங்கியபோது அவள் பக்கத்தில் இல்லையே.

வாங்குவதற்கு முன் ஒரே ஒரு சோதனை. இன்ஜினுக்குள் சுற்றும் முக்கியத் தண்டான கிராங்க் ஷாஃப்ட் முன்னும் பின்னும் நகராமல் பிடிக்க அரைநிலா வடிவத்தில் இரண்டு த்ரஸ்ட் வாஷர் உண்டு. தேய்ந்தால் நழுவி, அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பில் விழும். அப்படியே ஓட்டினால் இன்ஜின் பிளாக்கே வீண். பானெட்டைத் திறந்து, முன்னால் இருக்கும் கிராங்க் புல்லியைக் குனிந்து பாருங்கள். உள்ளே ஒருவர் கிளட்சை மிதித்து மிதித்து விடட்டும். புல்லி முன்னும் பின்னும் போய் வருவது கண்ணுக்கே தெரிந்தால், விற்பவர் எவ்வளவு இனிக்கப் பேசினாலும் திரும்பி நடந்துவிடுங்கள். கிளட்ச் மிதிக்க ஆள் கூட்டிக்கொண்டு போங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் நானே வருகிறேன், லெஸ்டர் இங்கிருந்து பக்கம்தான். ஸ்பானர் என்னுடையதைக் கொண்டு வருவேன், கடன் மட்டும் கேட்காதீர்கள்.