சொந்தப் பாட்டுக்கே காப்பிரைட் கிளைம்: வியாசர்பாடித் தம்பிக்கு

யூடியூப்ல போட்ட உங்க சொந்தப் பாட்டுக்கே வேற யாரோ உரிமை கோரி காப்பிரைட் கிளைம் வந்திருக்கு, என்ன செய்யன்னு கேட்டிருக்கீங்க. வீடியோவை நீக்காதீங்க தம்பி, கிளைமை டிஸ்ப்யூட் பண்ணுங்க, அதாவது மறுப்பு போடுங்க. கிளைம் வந்த 5 நாளுக்குள்ள போட்டா, முதல் நாள்ல இருந்தே விளம்பரப் பணம் யாருக்கும் போகாம நிக்கும். கிளைம் போட்டவர் பதில் சொல்ல 30 நாள் இருக்கு.

டிவி போட்டிக்கு அப்புறம் நீங்களே எழுதி மெட்டுப் போட்ட காசிமேட்டுப் பாட்டு, சரி. ஆனா பீட் (பாட்டுக்குப் பின்னால ஓடுற இசை) ஆன்லைன்ல வாங்கினதுன்னு சொல்றீங்களே, சிக்கல் அங்கதான் இருக்கும். நான்-எக்ஸ்க்ளூசிவ் லைசென்ஸ்னா அதே பீட்டைப் பல பேர் வாங்கலாம். ஒருத்தர் அதைக் கன்டென்ட் ஐடியில (ஒரே ஒலி எங்கெல்லாம் வருதுன்னு தானாக் கண்டுபிடிக்கிற யூடியூப் ஏற்பாடு) ஏத்திட்டா மத்தவங்க பாட்டெல்லாம் மாட்டும்.

யூடியூப் ஸ்டூடியோவுல கிளைம் எந்த இடத்துல விழுதுன்னு பாருங்க. நீங்க வாயே திறக்காத, வெறும் டோலக்கும் கீபோர்டும் ஓடுற முதல் 20 செகண்ட்லயே விழுந்தா பீட்தான். லைசென்ஸ் பேப்பரைப் பார்த்து, வாங்கின தேதியோட டிஸ்ப்யூட்ல எழுதுங்க.

போட்டி மேடையில பாடின கிளிப்புக்குக் கிளைம் வந்தா மட்டும் டிஸ்ப்யூட் பண்ணாதீங்க. பாடினது நீங்கன்னாலும், அந்த ஒளிப்பதிவு பொதுவா டிவி சேனலுக்குத்தான் சொந்தம்.