மனவெழுச்சி நுண்ணறிவை, அதாவது தன் உணர்வையும் பிறர் உணர்வையும் புரிந்து கையாளும் ஆற்றலை, ஒரு திறனாக அளக்க முடியுமா? வேலையில் அதனால் பயன் உண்டா?

அளக்கலாம். ஆனால் ஆளிடமே "உங்களுக்கு எவ்வளவு இருக்கிறது?" என்று கேட்டு அளக்க முடியாது. மட்டக்களப்பில் ஒரு நிதி நிறுவனத்தின் நகை அடகுப் பிரிவில் பல வருடம் பொறுப்பாக இருந்திருக்கிறேன். அங்கே கண்டதை வைத்துத்தான் சொல்கிறேன்.

ஒருநாள் படுவான்கரையிலிருந்து ஓர் அம்மா தாலிக்கொடியை லேஞ்சியில் முடிந்து கொண்டு வந்தார். வரிசையில் அவருக்குப் பின்னால் அவரது ஊர்க்காரர் ஒருவர் நின்றார். அம்மா முடிச்சை அவிழ்க்கவே இல்லை, கையை அதன்மேல் பொத்திக்கொண்டு சிரித்தபடி நின்றார். கவுண்டரில் புதிதாகச் சேர்ந்திருந்த தங்கச்சி பார்த்தாள். "அம்மா, உள்ளுக்கு வாங்க, ஒரு படிவம் நிரப்ப இருக்கு" என்று அறைக்குள் கூட்டிப்போய் அங்கேயே கொடியை எடை பார்த்தாள். தொகையைக்கூட வாயால் சொல்லவில்லை, துண்டில் எழுதிக் காட்டினாள்.

அடுத்த கிழமை எல்லோருக்கும் ஒரு படிவம் வந்தது. 'மற்றவர் மனநிலை எனக்கு எளிதில் புரியும்' என்பது மாதிரியான வரிகளுக்கு நாமே ஐந்துக்குப் புள்ளி போட வேண்டும். அந்தத் தங்கச்சி இரண்டும் மூன்றுமாகப் போட்டாள். உள்ளே கணக்குப் பார்த்த தம்பி எல்லாவற்றுக்கும் ஐந்து. அதை நம்பி இருவரையும் இடம் மாற்றினார்கள். தம்பி கவுண்டருக்கு வந்ததும் பெயரையும் நிலுவை வட்டியையும் எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொல்வார். கெட்ட மனதில்லை, எதிரே நிற்பவரின் முகம் அவர் கண்ணில் படவில்லை.

உளவியலாளர்கள் பீட்டர் சலோவேயும் ஜோன் மேயரும் 1990 இல் மனவெழுச்சி நுண்ணறிவு என்ற கருத்தை முன்வைத்தார்கள். உணர்வை இனங்காணல், சிந்தனைக்குப் பயன்படுத்தல், விளங்கிக்கொள்ளல், கையாளல் என்று 1997 இல் அதை நான்காகப் பிரித்தார்கள். டேவிட் கருசோவுடன் சேர்ந்து 2002 இல் வெளியிட்ட எம்எஸ்சிஇஐடி (MSCEIT) என்ற மனவெழுச்சி நுண்ணறிவுத் தேர்வில் 141 வினாக்கள். முகப்படத்தைக் காட்டி அதில் எந்த உணர்வு எவ்வளவு என்று கேட்பார்கள். ஒரு சூழ்நிலையைச் சொல்லி, எந்தச் செயல் எவ்வளவு உதவும் என்பார்கள். கணக்குப் பரீட்சை மாதிரி, செய்துதான் காட்ட வேண்டும். நாமே போடும் புள்ளிக்கும் இந்தப் புள்ளிக்கும் தொடர்பு மெல்லியதாகவே ஆய்வுகளில் வந்திருக்கிறது.

எனக்கு இதில் ஒரு குறை தெரிகிறது. அந்த 2002 தேர்வில் பெரும்பாலானோர் சொன்ன விடை, அல்லது 21 ஆய்வாளர்கள் சொன்ன விடை, அதுதான் 'சரி'. எங்கள் பக்கத்தில் மிகவும் நொந்துபோனவர்தான் சிரித்துக்கொண்டு நிற்பார். அந்தச் சிரிப்பை வெளியார் எப்படி வாசிப்பார்கள்?

வேலையைப் பொறுத்தவரை, டானா யோசப்பும் டேனியல் நியூமனும் 2010 இல் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். உணர்வைக் கையாள வேண்டிய வேலைகளில் இந்தத் திறன் கைகொடுக்கிறது, மற்ற வேலைகளில் அப்படி இல்லை. எங்கள் தங்கச்சியை அந்த இரண்டாவது வகை வேலையில்தான் உட்கார்த்தியிருந்தார்கள்.

அந்த அம்மா வட்டி கட்ட வந்தபோது என்னிடம், "அந்தப் புள்ள எங்க, மகள்?" என்று கேட்டார். அன்றே முகாமையாளரிடம் போனேன். தங்கச்சியைத் திரும்பக் கவுண்டருக்கு எடுக்க மூன்று மாதம் பிடித்தது.