ஒரே டிஸ்க், மூன்று சிஸ்டம்: உங்கள் கேள்விகள்

கே: 64 ஜிபி பென் டிரைவில் பாதிக்கு மேல் காலி. ஆனாலும் 6 ஜிபி வீடியோ ஏற மறுக்கிறது. டிரைவ் போலியா?

ப: டிரைவில் குறையில்லை. அதில் இருப்பது ஃபேட்32 என்ற ஃபைல்சிஸ்டம், அதாவது டிரைவில் ஃபைல்களை அடுக்கிவைக்கும் முறை. அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. உள்ளே இருப்பதைக் காப்பி எடுத்துவிட்டு, இந்த வரம்பு இல்லாத எக்ஸ்ஃபேட் என்ற ஃபைல்சிஸ்டத்துக்கு ஃபார்மேட் செய்யுங்கள்.

கே: ஆபீஸ் விண்டோஸ் டிஸ்க்கை வீட்டு மேக்கில் செருகினால் படங்கள் திறக்கின்றன. புதிதாக எதையும் போட முடியவில்லை.

ப: உங்கள் டிஸ்க் விண்டோஸின் ஃபைல்சிஸ்டமான என்டிஎஃப்எஸ். அதை மேக் படிக்கும், எழுதாது. எழுதவைக்கும் டிரைவர் மென்பொருளைக் காசு கொடுத்து வாங்கலாம். இரண்டு பக்கமும் அடிக்கடி போய்வரும் டிஸ்க் என்றால் எக்ஸ்ஃபேட்டே போதும். ஒன்று மட்டும்: எக்ஸ்ஃபேட்டுக்கு ஜர்னல், அதாவது பாதியில் நின்ற எழுத்தைச் சரிசெய்ய உதவும் குறிப்பேடு, கிடையாது. எஜெக்ட் கொடுக்காமல் பிடுங்கினால் போனது போனதுதான்.

கே: ஹார்டு டிஸ்க் ஓப்பன் ஆகவில்லை. உடனே வழி சொல்லவும்.

ப: எந்த சிஸ்டம், எந்த ஃபைல்சிஸ்டம், திரையில் என்ன வந்தது? மூன்றில் ஒன்றாவது எழுதியிருக்கலாம். விண்டோஸ் "ஃபார்மேட் செய்யவா?" என்று கேட்டிருந்தால் 'கேன்சல்' கொடுங்கள். டிஸ்க் கெட்டுப்போயிருக்க வேண்டியதில்லை. லினக்ஸின் எக்ஸ்ட்4, மேக்கின் ஏபிஎஃப்எஸ் ஆகிய ஃபைல்சிஸ்டங்களைப் பார்த்தாலும் விண்டோஸ் இப்படிக் கேட்கலாம்.

கே: ஒரே லேப்டாப்பில் விண்டோஸ், உபுண்டு லினக்ஸ் இரண்டும் உண்டு. டி டிரைவ் இரண்டுக்கும் பொது. விண்டோஸிலிருந்து ரீஸ்டார்ட் செய்து உபுண்டு போனால் டி-யில் எழுத முடிகிறது. ஷட்டவுன் செய்து காலையில் போட்டால் 'ரீட் ஒன்லி' என்கிறது. பேய் வேலையா?

ப: நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள். பேய்க்குப் பெயர் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். விண்டோஸ் 8 காலத்தில், 2012-இல் வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து நானும் புலம்பிக்கொண்டுதான் இருக்கிறேன்.

நீங்கள் ஷட்டவுன் அழுத்தும்போது விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. தன் மையப் பகுதியான கெர்னலின் நிலையை அப்படியே ஒரு ஃபைலில் எழுதிவைத்துத் தூங்கப் போகிறது. டி டிரைவும் அதன் கணக்கில் இன்னும் திறந்தே இருக்கிறது. லினக்ஸ் அதைப் பார்த்துவிட்டு, "ஆள் உள்ளே இருக்கிறார்" என்று படிக்க மட்டும் விடும், அல்லது திறக்கவே மறுக்கும். ரீஸ்டார்ட்டில் இந்தத் தூக்கம் கிடையாது. அதனால்தான் உங்களுக்கு அப்போது மட்டும் வேலை செய்கிறது.

இந்த இடத்தில்தான் வம்பு. நெட்டில் எவரோ எழுதிவைத்த கட்டளையை ஒட்டி, அந்தத் தூக்க ஃபைலை அழித்து, டிரைவை வலுக்கட்டாயமாகத் திறப்பார்கள் (மவுன்ட் செய்வார்கள்). விண்டோஸ் அதில் எழுதிவைத்திருந்த நிலை போகும். அதோடு போனால் அதிர்ஷ்டம். இப்படிக் குழம்பிய ஒரு கல்யாண ஆல்பத்தை மீட்க எனக்கு இரண்டு ராத்திரி போயிற்று. காப்பி எடுத்து வைத்திருந்தீர்களா என்று கேட்டேன். சிரித்தார்கள்.

கண்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், பவர் பட்டன் அமைப்புகள் என்று போய் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிக்கை எடுத்துவிடுங்கள். அவசரத்துக்கு ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டே ஷட்டவுன் கொடுத்தால் அந்த ஒருமுறை முழுதாக அணையும். எஸ்எஸ்டி உள்ள மெஷினில் இதனால் கூடும் நேரம் சில நொடிதான்.

கே: பழைய மேக்கிலிருந்து கொண்டுவந்த ஃபோல்டரில் 'பொங்கல்' என்ற பெயரில் இரண்டு ஃபைல். ஒரே பெயரில் எப்படி இரண்டு?

ப: கண்ணுக்குத்தான் ஒன்று. 'பொ'வின் துணைக்குறியை, கணினி எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில், ஒரே குறியாகவும் எழுதலாம், முன்னால் ஒன்று பின்னால் ஒன்றாகப் பிரித்தும் எழுதலாம். ஓ, ஔ வரிசைகளுக்கும் இதே கதை. பழைய மேக்கின் ஃபைல்சிஸ்டமான எச்எஃப்எஸ் பிளஸ் எப்போதும் பிரித்தே வைக்கும். விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் அவை வேறு வேறு பெயர்கள். லினக்ஸில் கன்வ்எம்வி என்ற கருவி பெயர்களை மொத்தமாக ஒரே குறி வடிவுக்கு மாற்றித் தரும். ஓட்டும் முன் காப்பி எடுங்கள்.

கே: லினக்ஸ் ஹோம் ஃபோல்டரையே எக்ஸ்ஃபேட்டில் வைக்கலாமா?

ப: கூடாது. லினக்ஸுக்குத் தேவையான பெர்மிஷன் (யார் எதைத் திறக்கலாம் என்ற அனுமதி), சிம்லிங்க் (வேறு ஃபைலைச் சுட்டும் இணைப்பு) எதுவும் அதற்குத் தெரியாது.

கே: எக்ஸ்ஃபேட் பென் டிரைவ் எங்கள் டிவியில் தெரியவில்லை.

ப: பழைய டிவி பலவற்றுக்கு ஃபேட்32 மட்டுமே தெரியும். மாற்றிப் பாருங்கள். அப்புறம் "6 ஜிபி படம் ஏறவில்லை" என்று எழுதாதீர்கள், முதல் பதில் உங்களுக்கும்தான்.