மடை திறந்தவர்

வணக்கம் ஐயா,

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் பதினாறு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் மானாமதுரைப் பக்கம். 1970-களில் என் தாத்தா செய்த விவசாயத்தைப் பற்றி அப்பா சொல்லச் சொல்ல ஏக்கமாக இருக்கிறது. உரம் கிடையாது, மருந்து கிடையாது, கடன் கிடையாது, நோய் கிடையாது. ஊரே ஒன்றாக உழைத்துச் சாப்பிட்டது. எங்கள் ஊரில் முதன்முதலாகக் கிணறு வெட்டிப் பம்புசெட் போட்டவர் என் தாத்தாதான். இன்றைக்கு டிராக்டரும் அறுவடை இயந்திரமும் வந்து எல்லாம் போய்விட்டது. எங்கள் மூன்று ஏக்கர் தரிசாகக் கிடக்கிறது. வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போய் அந்தப் பழைய விவசாயத்தைச் செய்யலாமா? அது இனி சாத்தியம்தானா? உங்கள் கருத்தை எழுதுங்கள்.

க., ஓசூர்

அன்புள்ள க.,

உங்கள் கடிதம் வந்த வாரம்தான் நான் ஊரிலிருந்து திரும்பியிருந்தேன். எங்கள் ஊர் இளையான்குடிப் பக்கம். இந்த முறை ஐப்பசியிலும் கார்த்திகையிலும் நல்ல மழை. கண்மாய் முக்கால்வாசி நிறைந்து கிடந்தது. கரையில் ஏறி நின்று உட்பக்கம் பார்த்தால் தண்ணீர். திரும்பி, கண்மாய்த் தண்ணீர் பாய வேண்டிய ஆயக்கட்டு நிலத்தைப் பார்த்தால் பாதிக்கு மேல் சீமைக்கருவேலங்காடு. மடையைத் திறக்க ஆளில்லை. திறந்தாலும் தண்ணீர் போக வாய்க்கால் இல்லை, தூர்ந்துவிட்டது. வற்றிய கண்மாயைப் பார்த்துப் பலமுறை வருத்தப்பட்டிருக்கிறேன். நிறைந்த கண்மாயைப் பார்த்து மனம் கனத்தது இதுதான் முதல் தடவை. அந்தக் கனத்தோடு இருந்தபோதுதான் உங்கள் கடிதத்தைப் படித்தேன்.

முதலில் கொஞ்சம் திட்டிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் அப்பா சொன்னதையெல்லாம் அப்படியே நம்பியிருக்கிறீர்கள். 1970-களில் மருந்து கிடையாதா? பி.எச்.சி. என்கிற பூச்சிமருந்துப் பவுடரைத் துணியில் மூட்டையாகக் கட்டி, வெறுங்கையால் தட்டித் தட்டி வயலில் தூவியதை நான் பார்த்திருக்கிறேன். முகத்தில் ஒரு துண்டுகூடக் கட்டமாட்டார்கள். என்ட்ரின் என்கிற பூச்சிமருந்தை வாங்காத விவசாயி வீடு அப்போது குறைவு. குடும்பச் சண்டையில் யாராவது அதை எடுத்துக் குடித்துவிட்டார் என்ற செய்தி வராத வருஷமும் குறைவு. அந்த இரண்டையும் பின்னால் தடை செய்தார்கள். இன்றைய மருந்துகள் யோக்கியமானவை என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் நீங்கள் ஏங்குகிற அந்தப் பத்தாண்டு மருந்து இல்லாத பத்தாண்டு கிடையாது.

ஊரே உழைத்துச் சாப்பிட்டது என்பதும் அப்படித்தான். 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி தருவோம் என்று சொன்ன கட்சி ஆட்சிக்கு வந்தது. வயிறு நிறைந்த நாட்டில் அரிசி ஏன் தேர்தல் வாக்குறுதியாகிறது? அந்த வருஷங்களில் பள்ளிக்கூடத்தில் எங்களுக்குப் போட்ட உப்புமா அமெரிக்காவிலிருந்து வந்த கோதுமை. சுற்றிலும் நெல் விளைகிற ஊர். ஆனால் என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் அந்த உப்புமாவுக்காகத்தான் வந்தார்கள். அவர்கள் வீட்டிலும் விவசாயம்தான் செய்தார்கள், அடுத்தவர் நிலத்தில்.

டிராக்டரைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து மாட்டை ஓட்டிப் போய் உழுதவர்கள் யாரும் டிராக்டரைக் குறை சொல்லி நான் கேட்டதில்லை. அதை விடுவோம்.

உங்கள் கடிதத்தில் நான் நின்றுபோனது வேறு ஒரு வரியில். தாத்தா ஊரிலேயே முதலில் பம்புசெட் போட்டவர் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். எல்லாம் போய்விட்டது என்கிற வரி அதற்கு அடுத்துத்தான் வருகிறது. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதிய உங்களுக்கு அவற்றுக்குள் ஒரு தொடர்பு இருப்பது தெரியவில்லை. பல வருஷம் எனக்கும் தெரியவில்லை. எங்கள் ஊரில் இரண்டாவதாகப் பம்புசெட் போட்டவர் என் அப்பா.

நம் பக்கம் காவிரியும் இல்லை, வற்றாத ஆறும் இல்லை. ஆவணி, புரட்டாசியில் புழுதியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்க்கிற ஊர்கள். மழையில் பயிர் முளைத்து வளரும், மழை விட்ட பிறகு தை மாதத்தில் கதிர் பால் பிடிக்கும்போது இரண்டு தண்ணீர் வேண்டும். அந்த இரண்டு தண்ணீருக்காகத்தான் கண்மாய். அது கிடைத்தால் நெல், கிடைக்காவிட்டால் பதர். தமிழ்நாட்டில் கண்மாயும் ஏரியுமாகச் சுமார் 39,000 இருக்கின்றன. 1960-களின் தொடக்கத்தில் மாநிலத்தின் பாசன நிலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அவற்றின் தண்ணீரில்தான் விளைந்தது.

தண்ணீரைத் தேக்குவது ஒரு வேலை, பங்கு வைப்பது இன்னொரு வேலை. அந்த இரண்டாவது வேலையைச் செய்தவர் நீர்க்கட்டி. சில ஊர்களில் நீர்ப்பாய்ச்சி என்பார்கள், மடைக்குடும்பன் என்றும் சொல்வதுண்டு. எங்கள் ஊர் நீர்க்கட்டிக்கு அப்போது அறுபது வயது இருக்கும். அவர் பெயரை இங்கே எழுதவில்லை, பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் பத்து வயதில் நான் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன். அவர் என்னைச் 'சின்ன அய்யா' என்றார். எங்கள் வீட்டுத் திண்ணையில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஊரே ஒன்றாக இருந்தது என்று எழுதுகிறீர்கள். அந்த 'ஊர்' என்ற சொல்லுக்குள் சேரி இருந்ததா என்று அப்பாவிடம் கேட்டீர்களா?

எங்கள் பெரிய மடை பழைய குமிழி மடை. கரையிலிருந்து சற்றுத் தள்ளித் தண்ணீருக்குள் இரண்டு கல்தூண்கள் நிற்கும். அடியில் கல்தொட்டி. அதன் மேல்பக்கம் நீரோடித் துளை, கீழே சேறோடித் துளை. மேலே தண்ணீர் போகும்போது கீழே சேறும் இழுபட்டுப் போகும். மூடியிருக்கும் கல்லைத் தூக்க, தூணைப் பிடித்துக்கொண்டு முங்க வேண்டும். மார்கழிக் குளிரில் அவர் முங்குவார். நாங்கள் கரையில் நின்று எத்தனை எண்ணுவதற்குள் தலை வெளியே வருகிறது என்று எண்ணிக்கொண்டிருப்போம். தூணில் கொத்தியிருந்த கோடுகளைப் பார்த்து, இன்னும் எத்தனை நாள் தண்ணீர் இருக்கிறது, ஏக்கருக்கு எத்தனை நாழிகை விடலாம் என்று சொல்வார். சொன்னால் சொன்னதுதான். ஆயக்கட்டில் ஒரு சென்ட் நிலம்கூட அவருக்குக் கிடையாது. அதனால்தான் அவர் கையில் தண்ணீரைக் கொடுத்திருந்தார்கள். நிலம் உள்ளவன் கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்று நிலம் உள்ளவர்களுக்குத் தெரிந்திருந்தது.

மழை குறைந்த ஒரு வருஷம். தை மாதம், இரண்டாவது தண்ணீர் எல்லோருக்கும் பாதி நாழிகைதான் என்று அவர் அறிவித்துவிட்டார். தனியாக இருந்த ஒரு கிழவிக்கு, தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையில் அறுபது சென்ட் நிலம். அதற்கும் எட்ட வேண்டும் என்பது கணக்கு. அப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. இரவில் மண்வெட்டியோடு போய் வாய்க்காலை வெட்டி எங்கள் வயலுக்குத் திருப்பிவிட்டு, விடிவதற்குள் அடைத்துவிட்டு வந்தார். காலையில் நீர்க்கட்டி வாசலில் வந்து நின்றார். சத்தம் போடவில்லை.

"ராத்திரி உங்க வயலுக்குப் போன தண்ணிய உங்க முறையில கழிச்சுட்டேன் அய்யா. இனி இந்த வருசம் உங்களுக்குத் தண்ணி இல்ல."

அப்பா எதுவும் பேசவில்லை. ஊரில் யாரையும் அதட்டக்கூடியவர். அன்றைக்கு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார். ஊர்க்கூட்டத்துக்கும் போகவில்லை, போனாலும் ஒருவர்கூடத் தன் பக்கம் பேச மாட்டார்கள் என்று தெரியும். சாதியில் திண்ணை ஏற முடியாத மனிதர் தண்ணீரில் அப்பாவுக்கு மேலே இருந்தார். அந்த ஒரு விஷயத்தில் மட்டும்தான் இருந்தார். அந்தக் காலம் திரும்ப வர வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் காலத்தில் இப்படி ஒன்று இருந்தது என்பதை மறக்கவும் முடியவில்லை.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து அப்பா கிணறு வெட்டினார். கடன் வாங்கித்தான். கரண்டு மோட்டார் வந்தது. முதல் நாள் குழாயிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடித்தபோது நான் குதித்தேன், உங்கள் அப்பாவும் தம் வீட்டுக் கிணற்றடியில் குதித்திருப்பார். அந்த மகிழ்ச்சி உண்மையானது. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த அறுவடையில் நீர்க்கட்டி வழக்கம்போலச் சாக்கோடு களத்துக்கு வந்தார். எங்கள் ஊரில் ஏக்கருக்கு இரண்டு மரக்கால் நெல்லும் ஒரு கட்டுக் கதிரும் அவருக்குச் சேர வேண்டும். அப்பா நெல்லை அளக்கவில்லை.

"கிணத்துத் தண்ணியில விளைஞ்ச நெல்லு. இதுல உனக்கு என்ன இருக்கு?"

அவர் கொஞ்ச நேரம் நின்றார்.

"கிணத்துல ஊறுறது எந்தத் தண்ணி அய்யா?"

சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்தக் கேள்வி எனக்குப் புரிய முப்பது வருஷம் ஆனது. ஆயக்கட்டுக் கிணறுகளில் ஊறுவது கண்மாயிலிருந்து மண்ணுக்குள் இறங்கி வருகிற தண்ணீர்தான். கண்மாயில் நீர் நின்றால் கிணற்றில் ஊற்று இருக்கும், கண்மாய் காய்ந்தால் கிணறும் காயும். என் அப்பா கண்மாயை விட்டு விலகவே இல்லை. கண்மாய்த் தண்ணீரை மற்றவர்களுக்கு முன்னால், முறை இல்லாமல், மண்ணுக்கு அடியில் எடுத்துக்கொண்டார். விலகியது ஊரார் சேர்ந்து கண்மாயைப் பராமரிக்கிற குடிமராமத்து வேலையிலிருந்தும் நீர்க்கட்டியின் கூலியிலிருந்தும்தான். உங்கள் தாத்தாவும் இதைத்தான் செய்திருப்பார். வருத்தமாக இருந்தாலும் இதை நீங்கள் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

கிணறு வைத்தவர்கள்தான் வசதியானவர்கள், பேச்சுக்கு மதிப்புள்ளவர்கள். அவர்கள் வராத பிறகு, கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலை வெட்ட மற்றவர்கள் ஏன் வருவார்கள்? கோடையில் கண்மாய் வண்டலை வண்டி வண்டியாக அள்ளி வயலில் கொட்டுவோம். நிலத்துக்கு எரு, கண்மாய்க்கு ஆழம். யூரியா மூட்டை வந்ததும் அதுவும் நின்றது. ஐந்தாறு வருஷத்தில் நீர்க்கட்டிக்கு நெல் அளக்கிறவர் யாருமில்லை. அவர் மகன்கள் செங்கல் காளவாசலுக்குப் போனார்கள். கண்மாய் மேடானது, கிணறுகள் வற்றின, ஆழ்துளைக் கிணறு போட்டார்கள். எங்கள் பக்கம் ஆழத்தில் கிடைப்பது உப்புத் தண்ணீர். மின்சாரத்தை இலவசமாகக் கொடுத்தபோது அதனால் இறைக்க முடிந்ததும் உப்புத் தண்ணீரைத்தான்.

பழைய காலத்தில் எல்லோரும் மனமுவந்து குடிமராமத்து செய்தார்கள் என்றும் எண்ணிவிடாதீர்கள். வராதவர்களிடம் பணம் வசூலிக்க 1858-லேயே சென்னை மாகாணத்தில் சட்டம் போட வேண்டியிருந்தது. மனிதர்கள் அப்போதும் நழுவிக்கொண்டுதான் இருந்தார்கள். நழுவ முடியாதபடி பிடித்து வைக்க ஓர் ஏற்பாடு இருந்தது, அவ்வளவுதான். 2017-ல் அரசு குடிமராமத்து என்ற பெயரிலேயே 100 கோடி ரூபாயில் ஒரு திட்டம் தொடங்கியது. அதன் பிறகு எங்கள் கண்மாய்க்கும் கரை உயர்ந்தது, மிஞ்சிய தண்ணீர் வழிந்தோடும் கலுங்குக்குச் சிமெண்ட் பூசினார்கள். நல்ல வேலை. ஆனால் மடையைத் திறந்து, முறை வைத்து, கடைமடை வரைக்கும் தண்ணீரைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற ஆளுக்குச் சம்பளம் எங்கே? அந்த ஆள் இல்லாத கண்மாய் வெறும் பள்ளம்.

சரி, வேலையை விடலாமா என்று கேட்டிருந்தீர்கள். பிள்ளைகள் படிப்பு முடியும்வரை விடாதீர்கள், மூன்று ஏக்கர் ஒரு குடும்பத்துக்குச் சம்பளம் தராது. கருவேலத்தை வெட்டி, நிலத்தை உழுதுபோட்டு, ஒரு போகம் விதைத்துப் பாருங்கள். விடுப்பில் போய் வந்தே செய்யலாம். நாட்டு ரகமா, இயற்கை உரமா என்பதெல்லாம் பிறகு பேசிக்கொள்ளலாம்.

பொங்கலுக்கு ஊருக்குப் போவீர்கள் இல்லையா? உங்கள் கண்மாயில் எத்தனை மடை, எது திறக்கிறது, எது திறக்கவில்லை என்று கரையோடு ஒரு நடை நடந்து பாருங்கள். உங்கள் மூன்று ஏக்கர் தலைமடையா, கடைமடையா என்று தெரிந்துகொள்ளுங்கள். கடைசியாக நீர்க்கட்டியாக இருந்தவர் யார், அவர் வீட்டார் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். அப்புறம், தாத்தா பம்புசெட் போட்ட அடுத்த வருஷம் களத்தில் நீர்க்கட்டிக்கு நெல் அளந்தார்களா என்று அப்பாவிடம் கேளுங்கள். என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.