மழை பெய்த நாலாம் நாள் குஞ்சுகள் ரத்தமாகக் கழிந்தால்

கண்டனூர் பக்கத்திலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். பழைய வீட்டின் பின்கட்டில் ஆறுக்கு நான்கு அடி தடுப்பு கட்டி 40 நாட்டுக்கோழிக் குஞ்சுகள் வளர்க்கிறார், வயது 27 நாள். விடாமல் பெய்த மழைக்கு அப்புறம் நாலாம் நாள் குஞ்சுகள் இறக்கையைத் தொங்கப்போட்டு ரத்தமாகக் கழிந்து, 11 செத்துவிட்டன. வெள்ளைக்கழிச்சல் என்று யாரோ சொன்னதால் தடுப்பூசிச் சொட்டு விட்டிருக்கிறார். ஆன்டிபயாட்டிக் பொடியும் பி காம்ப்ளெக்ஸ் டானிக்கும் தண்ணீரில் கலந்து கொடுத்தும் சாவு நிற்கவில்லை. அதே தாழ்வாரத்தில் கட்டியிருக்கும் இரண்டு ஆட்டுக்குட்டிகளும் கழிகின்றன, கோழியிடமிருந்து தொற்றியதா என்று கேட்கிறார்.

அம்மா, நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் இது ரத்தக்கழிச்சல், அதாவது காக்சிடியோசிஸ். வெள்ளைக்கழிச்சல் என்றால் பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், மூச்சுத் திணறும், சிலதுக்குக் கழுத்து திருகிக்கொள்ளும், தடுப்பூசி போடாத பெரிய கோழிகளும் சேர்ந்து விழும். உங்கள் வீட்டில் தாய்க்கோழி நன்றாக மேய்கிறது, மூன்று வாரம் தாண்டிய குஞ்சுகள் மட்டும் சாகின்றன என்கிறீர்கள். இருந்தாலும் உறுதி செய்துகொள்வது நல்லது. செத்த குஞ்சை ஐஸ் வைத்த பையில் போட்டு, அழுகுவதற்குள் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள். அறுத்துப் பார்த்தால், குடலின் கடைசியில் இரட்டையாக இருக்கும் முட்டுக்குடல் ரத்தம் நிரம்பி வீங்கியிருக்கும். ஐமீரியா டெனெல்லா என்ற ஒட்டுண்ணியின் வேலை அது. சீக்காக இருக்கும் குஞ்சுகளுக்கு இனித் தடுப்பூசி விடாதீர்கள், நோயோடு நிற்கும் உடம்பு அதைத் தாங்காது.

இப்போது மருந்து. ஆம்புரோலியம் 20 சதவீதப் பொடி கேளுங்கள். லிட்டருக்கு 1.2 கிராம், ஐந்து லிட்டருக்கு 6 கிராம். வீட்டுக் கரண்டியில் அளக்காமல், கடையிலேயே 6 கிராம் பொட்டலங்களாக நிறுத்து மடித்துத் தரச் சொல்லுங்கள். ஐந்து நாள் இந்த அளவு, அப்புறம் ஒரு வாரத்துக்கு லிட்டருக்கு 0.3 கிராம், தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். தீனி எடுக்காத குஞ்சுகூடத் தண்ணீர் குடிக்கும் என்பதால்தான் தண்ணீரில் கொடுக்கிறோம். முற்றத்தில் மழைத்தண்ணீர் தேங்கி, குஞ்சு அதைக் குடித்துவிட்டால் மருந்து கொடுத்தும் பயன் இல்லை.

அந்த பி காம்ப்ளெக்ஸ் டானிக்கை இன்றைக்கே நிறுத்துங்கள். இதை நான் சத்தமாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் நல்ல எண்ணத்தில் செய்கிற இந்தக் காரியத்தால் எத்தனையோ குஞ்சுகள் போயிருக்கின்றன. ஆம்புரோலியம் பார்ப்பதற்கு வைட்டமின் பி1 மாதிரியே இருக்கும் பொருள். ஒட்டுண்ணி ஏமாந்து பி1-க்குப் பதில் இதை எடுத்துக்கொண்டு பட்டினியில் சாகிறது. கூடவே டானிக்கில் பி1-ஐ நாமே ஊற்றிக் கொடுத்தால் மருந்தின் வேலை கெட்டுவிடும். சத்துக்கு ஏதாவது கொடுத்தே ஆக வேண்டும் என்றால் வைட்டமின் ஏ, கே கொடுங்கள். பி வகையை மருந்து முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். உங்கள் ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவுக்கான மருந்து, இந்த ஒட்டுண்ணியை அது தொடாது.

மருந்தால் இந்த முறை சாவு நிற்கும். ஆனால் தரை ஈரமாகவே இருந்தால் அடுத்த செட் குஞ்சுக்கும் இதுவேதான் நடக்கும். எச்சத்தில் வெளியே வரும் ஒட்டுண்ணி முட்டை அப்போதே தொற்றாது. ஈரமும் காற்றும் 25 முதல் 30 டிகிரி வெப்பமும் கிடைத்தால் ஒன்று இரண்டு நாளில் முற்றி, ஒவ்வொன்றுக்குள்ளும் எட்டுக் கிருமிகள் தயாராக நிற்கும். நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் தரையில் பரப்பிய உமி நனைந்து கிடந்தால், இந்த முட்டை முற்ற அதைவிடத் தோதான இடம் கிடையாது. குஞ்சு அதைக் கொத்தித் தின்று நாலைந்து நாளில் ரத்தம் காட்டும். உங்கள் மழைக் கணக்கும் அதோடு ஒத்துப்போகிறது.

அதனால் நனைந்த உமி முழுவதையும் வாரி வெளியே கொண்டுபோய்க் குழியில் மூடுங்கள், குப்பைமேட்டில் பரப்பிவிட்டால் தாய்க்கோழி மறுபடி கிளறும். பினாயிலும் பிளீச்சிங் பவுடரும் இந்த முட்டையின் ஓட்டைத் துளைக்காது. அதைச் சாகடிப்பது சூடும் உலர்ச்சியும்தான். தரையைச் சுரண்டி, வெந்நீர் ஊற்றிக் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு சுண்ணாம்புத்தூள் தூவி, மூன்று அங்குலத்துக்குப் புது உமி போட்டுத் தினமும் கிளறிவிடுங்கள். தண்ணீர்க் குவளையைச் செங்கல் மேல் குஞ்சின் முதுகு உயரத்துக்கு ஏற்றி வைத்தாலே பாதி ஈரம் குறையும். இடமும் பாருங்கள்: நாலு வாரம் வரை குஞ்சுக்கு அரை சதுர அடி போதும், அதற்குமேல் ஒரு சதுர அடி வேண்டும். 24 சதுர அடியில் மீதியுள்ள 29 குஞ்சுக்கே அடுத்த வாரம் நெருக்கடிதான். தாய்க்கோழியைப் பிரித்து வையுங்கள், அது நன்றாக இருந்துகொண்டே எச்சத்தில் ஒட்டுண்ணி முட்டையைப் போட்டுக்கொண்டிருக்கலாம்.

மஞ்சளும் சின்ன வெங்காயமும் அரைத்துக் கொடுக்கலாமா என்றால் கொடுங்கள், தப்பில்லை, ரத்தம் கண்ட பிறகு அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். கோழியின் ஐமீரியா மனிதருக்குத் தொற்றாது. ஆனாலும் சீக்குக் குஞ்சையோ மருந்து குடித்த குஞ்சையோ அறுத்துச் சமைக்க வேண்டாம்.

ஆட்டுக்குட்டிகளுக்குக் கோழியிடமிருந்து வரவில்லை. ஆட்டுக்கு ஆட்டின் ஐமீரியா தனி, கோழிக்குக் கோழியினுடையது தனி. ஆனால் அதே ஈரத்தரை ஆட்டின் ஒட்டுண்ணி முட்டையையும் முற்ற வைக்கும், அதனால்தான் ஒரே நேரத்தில் இரண்டும் கழிகின்றன. குட்டிகளிடம் ரத்தம் தெரியாமலும் போகலாம். புழுக்கை குழம்பாகி, முடி சிலிர்த்து, முக்கிக்கொண்டு நின்றால் சந்தேகப்படுங்கள். குடற்புழுவாலும் இப்படிக் கழியும் என்பதால் சாணப் பரிசோதனை செய்து எடைக்குத் தகுந்த மருந்து போடுவதுதான் சரி, கோழி மருந்தைக் கண்ணளவில் ஊற்றாதீர்கள். அதுவரை உப்புச் சர்க்கரைக் கரைசலை அடிக்கடி புகட்டி, காய்ந்த பலகை மேல் நிறுத்துங்கள். எழுந்து நிற்க முடியாத குட்டி என்றால் 1962-க்கு அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும்.

அடுத்த அடைக்கு இப்போதே முட்டை சேர்த்துவைக்க வேண்டாம். மார்கழிக் கடைசியில் அடை வையுங்கள், தை பாதியில் குஞ்சு பொரித்து வரும்போது பின்கட்டுத் தரை காய்ந்திருக்கும்.