வாசகர் கேள்வி பதில்: கறுக்கும் மேகமும் நிலவைச் சூழும் வட்டமும்

கேள்வி: காலையில் வெள்ளை வெளேரென்று மிதக்கும் மேகங்கள் பிற்பகலில் கறுத்து இடியுடன் கொட்டுகின்றன. டிசம்பரிலோ வானமே சாம்பல் நிறமாகி மணிக்கணக்கில் மழை பெய்கிறது. இரண்டும் மழை மேகங்கள்தானே, ஏன் இந்த வேறுபாடு?
– வாசகி, ஈசூன்

பதில்: ஈரக்காற்று எந்த வகையில் மேலெழுகிறது என்பதைப் பொறுத்தே மேகத்தின் உருவம் அமைகிறது. மேலே செல்லச் செல்ல அழுத்தம் குறைவதால் காற்று விரிகிறது. விரியும் காற்று கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸ் வீதம் குளிர்கிறது. ஒரு கட்டத்தில் அதிலுள்ள நீராவி, காற்றில் மிதக்கும் கடல் உப்பு, தூசு, புகை ஆகியவற்றின் துகள்கள்மீது படிந்து நுண்துளிகளாகிறது. ஒரு மழைத்துளி உருவாக அத்தகைய துளிகள் சுமார் ஒரு மில்லியன் சேர வேண்டும்.

நம் சிங்கப்பூர்த் தீவில் வெயில் ஏறியதும் தரையை ஒட்டிய காற்று சூடாகி, ஆங்காங்கே தனித்தனியாக மேலெழும்போது திரள் மேகங்கள் பிறக்கின்றன. நீராவி துளியாக மாறத் தொடங்கும் உயரம் ஏறத்தாழ ஒன்றாகவே இருப்பதால் அவற்றின் அடிப்பாகம் தட்டையாக இருக்கும். மேற்பகுதி காலிஃபிளவர்போலப் புடைத்திருக்கும். நீராவி துளியாகும்போது வெளிப்படும் வெப்பம் அந்தக் காற்றை இன்னும் மேலே தள்ளுகிறது. பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட மாதங்களில் கடற்காற்றுகளும் தீவின்மீது ஒன்றையொன்று சந்தித்து அதற்கு வலுச்சேர்க்க, சிறிய வெண்மேகம் 15 கிலோமீட்டர் வரையிலும், சில வேளைகளில் அதற்கு மேலும், வளர்ந்து கார்திரள் மேகமாகிவிடுகிறது. அதன் உச்சி முழுவதும் பனிப்படிகங்களே. அதற்கு மேல் ஏற முடியாமல் பக்கவாட்டில் தட்டையாகப் பரவும். உள்ளே பனித்துகள்கள் ஓயாமல் மோதிக்கொள்வதால் மின்னூட்டம் பிரிந்து மின்னல் உண்டாகிறது. மேகம் கறுப்பாகத் தெரிவதற்கு அதன் தடிமனே காரணம். சூரிய ஒளி அடிவரை வந்து சேர்வதில்லை. விமானத்திலிருந்து பார்த்தால் அதே மேகம் கண்கூசும் வெண்மையாக இருக்கும்.

விடியற்காலையில் மேற்கிலிருந்து பலத்த காற்றுடன் வரும் சுமத்ரா சூறைக்காற்றும் இதே இனந்தான். சுமத்ராவிலோ மலாக்கா நீரிணையிலோ இரவில் உருவாகும் கார்திரள் மேகங்கள் வரிசையாக அணிவகுத்து நம்மை நோக்கி நகர்கின்றன.

டிசம்பர் மாதத்துக் கதை வேறு. வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வந்து வலுக்கும்போது, பரந்ததொரு காற்றுப்படலம் முழுவதுமே மெதுவாக உயர்கிறது. அதனால் மேகமும் விளிம்பு தெரியாத விரிப்பாகப் படர்ந்து சூரியனை முற்றிலும் மறைக்கிறது. இதைக் கார்படை மேகம் என்பர். இதனூடே இடிமேகங்கள் மறைந்து வருவதும் உண்டு என்பதால், வானம் அமைதியாகத் தெரிகிறதே என்று திறந்தவெளியில் தங்கிவிடக் கூடாது.

திரள், படை, கீற்று என்ற அடிப்படைப் பிரிவினை, 1802இல் லண்டனைச் சேர்ந்த லூக் ஹோவர்ட் லத்தீன் பெயர்களுடன் முன்வைத்ததாகும். அதை விரித்து உலக வானிலை அமைப்பு இன்று 10 முதன்மை வகைகளை ஏற்றுள்ளது.

கேள்வி: நிலவைச் சுற்றிப் பெரிய வட்டம் தெரிந்தால், “அகல வட்டம் பகல் மழை” என்பார் என் பாட்டி. அது உண்மையா?
– வாசகர், பிடோக்

பதில்: அந்த வட்டம், மிக உயரத்தில் மெல்லிய திரையாகப் படரும் கீற்றுப்படை மேகத்தின் வேலை. அதிலுள்ள அறுகோணப் பனிப்படிகங்கள் நிலவொளியை வளைப்பதால் 22 டிகிரி ஆரமுள்ள வளையம் தோன்றுகிறது. கையை நீட்டி விரல்களை விரித்தால், கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை உள்ள அகலம் ஏறத்தாழ அந்த ஆரத்துக்குச் சமம். குளிர்நாடுகளில் இத்தகைய மேகம் பெரும்பாலும் மழைதரும் வானிலைக்கு முன்னோடியாக வருவதால், அங்கே இதை ஓரளவு நம்பலாம். நம் வட்டாரத்திலோ, எங்கோ பெய்து ஓய்ந்த இடிமேகத்தின் உச்சி காற்றில் பரவி வந்தாலும் இதே வட்டம் தெரியும். ஆகவே மறுநாள் மழை வரலாம், வராமலும் போகலாம்.